வெள்ளைப் பூ யாருக்கு

—தொடாதீங்க மிஸ்டர் ஆல்ஃபியஸ்! கையை எடுங்க! மூச்சைக்கூட அந்தப் பக்கம் திருப்பி விடுங்க!

—ஏ பிள்ளே, நான் பூவையா தொட்டேன்? இலையை ஒதுக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

—இலையும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். கார்டினியாப் பூ மேல விரல் பட்டா பட்ட இடம் பழுப்பாயிடும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

—சொன்னவனுக்கே சட்டமா? நல்லா இருக்கு. முகம் மழிச்சிட்டு இருந்தேன் பிள்ளே. ஜன்னல் வழியா குப்புனு ஒரு வாசனை. நம்ம செடிதான்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா காத்து உன் வீட்டுப் பக்கத்துலேருந்து அடிக்குது. கத்தியைப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்.

—அதான் ஒரு கன்னத்துல நுரை அப்படியே நிக்குதா!

—நுரை கிடக்கட்டும். தள்ளிக்கோ, இன்னொரு தடவை மோந்து பார்க்கணும்... ஆண்டவரே! டெல்ஃபீன், பரலோகத்துக் கதவை யாரோ சாத்த மறந்துட்டாங்க போல இருக்கே!

—நேத்து சாயங்காலம் வரைக்கும் மொட்டாத்தான் பச்சைக் கோடு போட்டு முறுக்கிக்கிட்டு நின்னுது, மிஸ்டர் ஆல்ஃபியஸ். நான் பார்த்துட்டுத்தான் படுத்தேன். காலையில காப்பி போட எழுந்து பின்கதவைத் திறக்கறேன், வாசனை வந்து என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. செருப்பு போடாம ஓடி வந்து பார்த்தா, விரிஞ்சு கிடக்கு! சத்தியமா சொல்றேன், நான் கத்தின கத்துல எதிர்வீட்டு நாய் குலைக்க ஆரம்பிச்சிடுச்சு.

—அது நீதானா? நீ பாம்பைப் பார்த்துட்டேன்னு நெனச்சேன்.

—பாம்புன்னு நெனச்சும் வரலையா நீங்க?

—பாம்புக்கெல்லாம் யாரு வருவா? பூவுன்னாதான் வருவேன்.

—நல்ல பக்கத்து வீட்டுக்காரர்! சரி, இங்க பாருங்க, இந்த நடுவுல. இன்னும் ஒரு சுத்து திறக்கல. வெண்ணெயை வழிச்சு வெச்ச மாதிரி இல்ல? நான் தரையில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். காப்பி ஆறியே போயிடுச்சு.

—மத்த மொட்டெல்லாம்?

—நாலஞ்சு இருக்கு. அதெல்லாம் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. இன்னைக்கின்னு பார்த்து ஒண்ணே ஒண்ணு! மதர்ஸ் டே அன்னைக்கு! கர்த்தர் நாள் பார்த்துத் திறந்து விட்டிருக்கார்.

—எனக்கென்னவோ அவர் உன்னைச் சீண்டிப் பார்க்கிறார்னுதான் தோணுது. உன் நெஞ்சுல என்ன பூ குத்தியிருக்கே?

—சிவப்பு ரோஜா. உங்க வீட்டு ரோஜாதான், நேத்து நீங்களே வெட்டிக் குடுத்தது.

—ஏன் சிவப்பு?

—இதெல்லாம் ஒரு கேள்வியா? மதர்ஸ் டேன்னா அம்மா இருக்கறவங்க சிவப்பு, அம்மா இல்லாதவங்க வெள்ளை. எங்கம்மா கல்லு மாதிரி இருக்காங்க. நான் சிவப்பு.

—அதைத்தான் சொல்றேன். இந்த பிலாக்ஸி ஊர்லயே அழகான பூ உன் செடியில பூத்திருக்கு, இன்னைக்குப் பார்த்து நீ அதைக் குத்திக்க முடியாது. குத்திக்கிட்டு சர்ச்சுக்குள்ள கால் வெச்சேன்னா, பெத்தவளை உசிரோட புதைச்சிட்டேன்னு அர்த்தம். முன் வரிசையில தொப்பி வெச்ச சிஸ்டருங்க உன்னைப் பார்வையாலேயே பொரிச்சு எடுத்துடுவாங்க.

—எனக்கு வேணும்னு யாரு சொன்னா?

—கேளு. எங்கம்மா கர்த்தர்கிட்ட போயாச்சு. நான் வெள்ளை குத்தறவன். இந்தச் செடிக்குத் தாய்ச்செடி என்னோடது. கிளை ஒடிச்சுக் குடுத்தவனும் நான். நியாயமாப் பார்த்தா...

—நியாயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! உங்க வேலி நெடுக வெள்ளையாக் கொட்டிக் கிடக்கு. என் ஒத்தைப் பூ மேலயா கண்ணு?

—கேட்டு வெச்சேன். கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?

—இது எங்கம்மாவுக்கு. அவங்களுக்குத்தான் அம்மா இல்லையே. இன்னைக்கு சர்ச்சுக்கு அம்மா இதைக் குத்திக்கிட்டுத்தான் வரணும். இதுக்காகத்தானே இத்தனை வருஷம் இந்தச் செடியோட மல்லுக்கட்டினேன்.

—அப்ப ஒண்ணு கேக்கறேன். என் வேலியில இவ்வளவு பூ இருந்துச்சே. வருஷா வருஷம் உங்கம்மாகிட்ட, மிஸ் எர்லீன், ஒண்ணு பறிச்சுக்குங்கன்னு கெஞ்சினேன். ஒரு தடவை வாங்கியிருப்பாங்களா? கடையில போய் வாசனையே இல்லாத வெள்ளைக் கார்னேஷன் பூ வாங்கிக் குத்திக்கிட்டு வருவாங்க.

—உங்ககிட்ட வாங்குவாங்களா? உங்க மனைவி போயாச்சு, எங்கப்பாவும் போயாச்சு. நீங்க குடுத்த பூவைக் குத்திக்கிட்டு வந்தா அடுத்த ஞாயிறே பாஸ்டர் உங்க ரெண்டு பேருக்கும் கல்யாண அறிவிப்பு படிச்சுடுவார்னு அம்மா சொல்லும்.

—படிக்கட்டுமே. காதுக்கு நல்லாத்தான் இருக்கும்.

—மிஸ்டர் ஆல்ஃபியஸ்!

—சும்மா சொன்னேன்.

—சும்மா ஒண்ணும் சொல்லல. காது சிவந்திருக்கு. விடுங்க. விஷயம் அது மட்டும் இல்ல. செத்தவங்களுக்குக் குத்தற பூவை யார்கிட்டயும் இரவல் வாங்கக் கூடாது, நம்ம மண்ணுல முளைச்சதா இருக்கணும்னு அம்மாவுக்கு ஒரு எண்ணம். நம்ம வீட்ல என்னைக்காவது ஒரு கார்டினியா பூத்தா குத்திக்கறேன்டீன்னு ஒரு தடவை சொல்லிச்சு. அன்னைக்குத்தான் உங்ககிட்ட கிளை கேட்டு வந்தேன்.

—கேட்டு வந்தது மட்டுமா? கிளையைக் கையில வாங்கினதும் என்ன சொன்னே?

—ஐயோ, ஆரம்பிச்சிட்டீங்களா?

—நன்றின்னு சொன்னே! அழகா, பல்லு தெரிய, நன்றி மிஸ்டர் ஆல்ஃபியஸ்னு சொன்னே! செடி குடுத்தவனுக்கு நன்றி சொன்னா அந்தச் செடி உருப்படுமா? இந்த ஊர்ல நடக்கக் கத்துக்கிட்ட குழந்தைக்குக்கூட அது தெரியும்.

—வாய் தவறி வந்துடுச்சு.

—வாய் தவறினதுக்குச் செடி அனுபவிச்சுது. இலையெல்லாம் மஞ்சளடிச்சு, பார்க்கவே மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி நின்னுது.

—அது நன்றியால இல்ல. கார் நிறுத்தற சிமெண்டுத் தளத்துக்குப் பக்கத்துல நட்டிருந்தேன். சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணுல இறங்கி, செடிக்கு ஒத்துக்கல. கார்டினியாவுக்குப் புளிப்பு மண்ணு வேணும்னு நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்.

—நான் அப்பவே சொன்னேன்! நீதான் கேக்கல. காரை விட்டு இறங்கினதும் வாசனை மூக்குல ஏறணும்னு சொல்லி அங்கேயே நட்டே.

—ஆசை யாரை விட்டுது? அப்புறம் நான் பண்ணாத வைத்தியமா? காப்பிச் சக்கை போட்டேன். ஊறுகாய் ஜாடித் தண்ணியைக்கூட ஊத்தினேன்.

—ஊறுகாய்த் தண்ணியா! அதான் ஒரு கோடை முழுக்க எறும்பு ஊர்வலம் போச்சா?

—மழைத்தண்ணியைப் பீப்பாய்ல பிடிச்சு வெச்சு, அதை மட்டும்தான் ஊத்தினேன். பைன் சருகை அள்ளிட்டு வந்து மெத்தை மாதிரி போட்டேன். கடைசியில தோண்டி எடுத்து இந்த மூலைக்குக் கொண்டு வந்தேன், காலை வெயில் மட்டும் படற இடமா. அதுக்கப்புறம் இலை பச்சை கட்டிச்சு. சரி, பூக்கும்னு பார்த்தா, என் தம்பி வந்து இலையுதிர்காலத்துல கத்தரிக்கோலை எடுத்து மொட்டை அடிச்சு வெச்சான்!

—அன்னைக்கு நீ அவனைத் துரத்தினதை நான் ஜன்னல்லேருந்து பார்த்தேன். நல்ல ஓட்டம்.

—அவன் வெட்டினது வெறும் கிளையா? அடுத்த வருஷத்துப் பூவையெல்லாம் சேர்த்து வெட்டிட்டான். அதுக்கு அடுத்த வருஷம் மொட்டு வந்துச்சு. வந்தது வந்த மாதிரி கொட்டிப் போச்சு. ஒவ்வொண்ணா பொறுக்கிக் கையில வெச்சுக்கிட்டு அழுதேன், தெரியுமா?

—தெரியும். அன்னைக்கு நான் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். கூப்பிட்டு ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல.

—உங்களுக்குமா பேச்சு வராது?

—எப்பவாவது. ஆனா கேளு பிள்ளே, ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. ஒரு பூவுக்கு இவ்வளவு பாடா? மிஸ் எர்லீன் கார்னேஷனோட சந்தோஷமாத்தானே இருந்தாங்க.

—சந்தோஷமா? நீங்க எங்கம்மாவை அந்த நேரத்துல பார்த்ததில்லையா? பாஸ்டர், சிவப்பு குத்தினவங்க எழுந்திருங்கன்னு சொல்வார். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு எழுவாங்க. அப்புறம், வெள்ளை குத்தினவங்க எழுந்திருங்கன்னு சொல்வார். அம்மா எழுந்து நிக்கும், ஆனா கையை இப்படி மடிச்சு, பூவை மறைச்சுக்கிட்டு நிக்கும்.

—அதை நான் கவனிச்சதில்ல.

—அம்மாவுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது அவங்கம்மா காய்ச்சல்ல போயிட்டாங்களாம். அவங்கப்பாவோட கூடப்பிறந்த அத்தை ஒஸெல்லாதான் வளர்த்தது. சண்டே ஸ்கூல்ல அத்தனை பசங்களும் சிவப்பு, அம்மா ஒருத்தி மட்டும் வெள்ளை. குட்டிப் பொண்ணு! ஒத்தையா எழுந்து நிக்கணும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களாம். ஒரு பையன், உனக்கு அம்மாவே கிடையாதான்னு சத்தமா கேட்டானாம். அதுலேருந்து வந்த பழக்கம், பூவை மறைக்கறது.

—இத்தனை வருஷம் எனக்கு அடுத்த வரிசையில உக்காந்திருக்காங்க. இதுகூடத் தெரியாம இருந்திருக்கேன் பாரு.

—அதனாலதான் எனக்கு ஒரே வெறி. எங்கம்மா ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, அந்த வெள்ளைப் பூவை நிமிர்த்திக்கிட்டு நிக்கணும். அம்மா எழுந்ததும் வாசனை எட்டு வரிசைக்குப் போகணும். எல்லாரும் திரும்பிப் பார்க்கணும், ஆனா பொறாமையில பார்க்கணும்! பாவம்னு பார்க்கக் கூடாது.

—பாஸ்டரே பிரசங்கத்தை நிறுத்திட்டு மோந்து பார்ப்பார்.

—பார்க்கட்டும்! நல்லா பார்க்கட்டும்!

—அப்ப ஏன் இன்னும் செடியிலேயே விட்டு வெச்சிருக்கே? பனி காயறதுக்குள்ள வெட்டியிருக்கணும். வெயில் ஏறுது. மதியத்துக்குள்ள ஓரம் மஞ்சளாக ஆரம்பிச்சிடும்.

—அம்மா செடியிலேயே பார்க்கணும்னு ஆசையா இருக்கு. அதான் குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

—பூவுக்குக் குடையா! இதுக்குத்தான் இவ்வளவு பெரிய குடையா? எத்தனை மணிக்கு வராங்க?

—ஆராதனைக்கு முன்னாடி கண்டிப்பா வந்துடுவேன்னு காலையில ஃபோன் பண்ணிச்சு. ஜாக்ஸன்ல மாதர் சங்க மாநாடாம், ஒரு வாரமா ஆளைக் காணோம். பன்றித் தொடையை அடுப்புல வெச்சாச்சு, உருளைக்கிழங்கு சாலட் ரெடி. அம்மாதான் பாக்கி.

—மாதர் சங்கமா? நம்ம சர்ச் சிஸ்டருங்க எல்லாம் புதன்கிழமை இங்கதானே ஜெபக் கூட்டத்துல இருந்தாங்க?

—வேற சங்கமா இருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு இன்னைக்கு இந்தப் பூவைத் தவிர வேற எதுவும் தெரியாது. இருங்க, இருங்க, கார் சத்தம்! அம்மா கார்தான்! அந்த இருமல் சத்தம் வேற எந்தக் காருக்கு இருக்கு? மிஸ்டர் ஆல்ஃபியஸ், குடையைப் பிடிங்க. பூ மேல நிழல் விழற மாதிரி. ஆடாதீங்க. பேசாதீங்க.

—நுரையைத் துடைச்சுக்கலாமா?

—வேண்டாம், கையெல்லாம் சோப்பாயிடும். அம்மா! அங்கேயே நில்லுங்க! அப்படியே நில்லுங்க, கண்ணை மூடுங்க!

—என்னடி இது, வீட்டுக்குள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடியே நாடகம்? எனக்கு நேரமில்ல டெல்ஃபீன். காரைக்கூட அணைக்கல. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.

—அப்புறம் சொல்லலாம். முதல்ல கண்ணை மூடுங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க. அடி பார்த்து வைங்க. அங்க குழாய் கிடக்கு. வாங்க, வாங்க.

—ஆல்ஃபியஸ் குடையோட நிக்கறாரே, மழையா பெய்யுது? அவர் மூஞ்சியில என்ன அது?

—கண்ணை மூடச் சொன்னேன்!

—காலை வணக்கம் மிஸ் எர்லீன். நான் பேசக் கூடாதுன்னு உத்தரவு.

—சரி சரி, மூடிட்டேன். என்னன்னு சொல்லு. வாசல்ல... டெல்ஃபீன். டெல்ஃபீன், இது என்ன வாசனை?

—நீங்களே சொல்லுங்க.

—ஆல்ஃபியஸ் வீட்டுலேருந்து வருதா? இல்ல. கிட்டத்துல இருக்கு. மூக்குக்கு நேரா இருக்கு. அடியே...

—இப்ப திறங்க.

—கர்த்தாவே. இது நம்ம செடியா? அந்த மஞ்சக் குச்சியா?

—குச்சிதான்! அதே குச்சிதான்!

—நான் ஆல்ஃபியஸ்கிட்ட அன்னைக்கே சொன்னேன், பாவம் இந்தப் பொண்ணு, செத்த குச்சிக்குத் தண்ணி ஊத்துதுன்னு. எவ்வளவு அழகா இருக்கு! எவ்வளவு வெள்ளை! என் கண்ணே, நீயே வளர்த்தியா இதை? உன் கையைக் குடு. இந்தக் கையாலயா?

—அழாதீங்கம்மா. நீங்க அழுதா நானும் அழுவேன், மை கரைஞ்சுடும். இன்னைக்கு இதைக் குத்திக்கிட்டு நீங்க உள்ள வரும்போது பாருங்க, சர்ச்சே ஆடிப் போகும்! நான் எல்லாம் தயாரா வெச்சிருக்கேன். ஈரப் பஞ்சு, முத்து வெச்ச குண்டூசி, பூவுக்குப் பின்னால வைக்க ரெண்டு இலை. கையை நனைச்சுக்கிட்டு வெட்டினா பூவுக்கு ஒண்ணும் ஆகாது. நில்லுங்க, இதோ வெட்டறேன்.

—டெல்ஃபீன். வேண்டாம்.

—செடியில இருக்கட்டும்னு பார்க்கறீங்களா? இன்னும் மொட்டு இருக்கும்மா, கவலைப்படாதீங்க.

—அதில்லடி. நான் இதைக் குத்திக்க மாட்டேன்.

—என்னது?

—எனக்குச் சிவப்பு வேணும். ஆல்ஃபியஸ், உங்க வீட்ல சிவப்பு ரோஜா இன்னும் இருக்கா? நல்லதா ஒண்ணு வெட்டிக் குடுங்க.

—என்கிட்டயா? என் வீட்டு ரோஜாவையா? மிஸ் எர்லீன், வெயில்ல தூரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. முதல்ல உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க.

—எனக்குத் தலை சுத்தல ஆல்ஃபியஸ். ராத்திரி வழியில ஹாட்டிஸ்பர்க்ல ஓட்டல்ல தங்கி நல்லாத் தூங்கிட்டுத்தான் வரோம்.

—வரோமா? யார் யாரு?

—அம்மா, சிவப்பு யாருக்கு, வெள்ளை யாருக்குன்னு மறந்துடுச்சா?

—எனக்கா மறக்கும்? உனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்.

—அப்ப என்ன? பூ பிடிக்கலையா? பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க! இல்ல, இன்னும் எழுந்து நிக்க வெட்கமா இருக்கா? சிவப்பு குத்திக்கிட்டா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நெனைக்கறீங்களா? எல்லாருக்கும் தெரியும்மா உங்களுக்கு அம்மா இல்லன்னு! இந்தச் செடிக்கு நான் பட்ட பாடு இவருக்குத் தெரியும், கேளுங்க! இலையை ஒவ்வொண்ணா சோப்புத் தண்ணியில கழுவியிருக்கேன். கூப்பிட்டு, பாட்டுப் பாடி, கெஞ்சி, திட்டி...

—திட்டினது எனக்கும் கேட்டுது.

—நீங்க சும்மா இருங்க! எல்லாம் எதுக்கு? இந்த ஒரு நாளுக்கு! நீங்க மறைக்காம ஒரு தடவை நிமிர்ந்து நிக்கறதைப் பார்க்கறதுக்கு! அதுக்கு நீங்க வேண்டாம்னு சொல்றீங்க. ஒரு வார்த்தையில. வேண்டாம்னு.

—கத்தாதேடி. கேக்கும்.

—யாருக்குக் கேட்டா என்ன? தெருவுக்கே கேக்கட்டும்!

—டெல்ஃபீன், இங்க பாரு. என்னைப் பாரு. நான் குத்திக்க மாட்டேன்னு சொன்னது பிடிக்காம இல்ல. குத்திக்க எனக்கு உரிமை இல்ல.

—ஏன் இல்ல?

—ஏன்னா எங்கம்மா சாகல.

—என்ன?

—எங்கம்மா உசிரோட இருக்காங்க.

—மிஸ் எர்லீன், எனக்குத்தான் இப்ப உக்காரணும் போல இருக்கு. குடையை யாராவது பிடிங்க.

—அம்மா, என்ன சொல்றீங்க நீங்க? காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு அத்தை ஒஸெல்லா...

—அத்தை ஒஸெல்லா சொன்னா. என்கிட்ட அம்மா செத்துட்டான்னு சொன்னா. எங்கம்மாகிட்ட குழந்தை செத்துடுச்சுன்னு சொன்னா. எங்கப்பா வீட்ல அவங்களை ஏத்துக்கவே இல்ல. சின்னப் பொண்ணு, பதினேழு வயசு. மெம்ஃபிஸ்ல துணி துவைக்கற வேலைக்குப் போய், கொஞ்சம் பணம் சேர்த்துட்டு, என்னை எடுத்துக்கலாம்னு திரும்பி வந்தாங்க. வாசல்லயே நிறுத்தி, குழந்தையைப் புதைச்சாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டா.

—வாசல்லயேவா? நீங்க உள்ள இருந்தீங்களா அப்ப?

—உள்ளதான் இருந்திருப்பேன். தூங்கிட்டு இருந்தேனோ, விளையாடிக்கிட்டு இருந்தேனோ.

—கடவுளே! அந்தக் கிழவியோட சவ அடக்கத்துல நான் பெட்டி தூக்கினேனே!

—எப்படிம்மா தெரிஞ்சுது? யார் சொன்னா?

—நீதான். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு டப்பா குடுத்தியே, எச்சில் துப்பி அனுப்பினா நம்ம முன்னோர் ஆப்பிரிக்காவுல எந்தப் பக்கம்னு சொல்லுவாங்கன்னு. ஆப்பிரிக்கா எங்கேயோ இருக்கட்டும், அந்தச் சோதனையில நம்ம ரத்தம் ஒத்துப்போகுதுன்னு மெம்ஃபிஸ்லேருந்து ஒரு பொண்ணு ஃபோன் பண்ணினா. என் தம்பி மகளாம். எனக்குத் தம்பி இருக்கான்டி! என் மூக்கே அவனுக்கு!

—இதை என்கிட்ட சொல்லாம, மாநாடு, சங்கம்னு...

—சொல்லி, அது பொய்யாப் போயிருந்தா? ஒரு தடவை அம்மாவை இழந்தாச்சு. ரெண்டாவது தடவையும் இழக்கறதை உன்னைப் பார்க்க வெச்சிருக்கணுமா? என் கண்ணால பார்த்து, என் கையால தொட்டாத்தான் சிவப்பு குத்திக்குவேன்னு நெனச்சுக்கிட்டுப் போனேன்.

—தொட்டீங்களா?

—தொட்டேன். மடியில படுத்துக்கிட்டேன். இந்த வயசுல, இந்த உடம்போட. தலையைத் தடவிக்கிட்டே என் பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எர்லீன், எர்லீன்னு அவ்வளவுதான்.

—மிஸ் எர்லீன், நான் போறேன். என் செடியில பெருசா ஒண்ணு இருக்கு, அடர் சிவப்பு. கண்காட்சிக்கு வெச்சிருந்தேன். அதை வெட்டிட்டு வரேன். பாஸ்டர் சிவப்பு எழுந்திருங்கன்னு சொல்லட்டும், நீங்க எழுந்து நில்லுங்க! கத்துங்க! நானும் சேர்ந்து கத்தறேன்!

—முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க ஆல்ஃபியஸ்.

—கழுவறேன், கழுவறேன். ஒரு கன்னம்தான் பாக்கி.

—எனக்குப் பாட்டி இருக்காங்க! எனக்குப் பாட்டி! அம்மா, அவங்க எப்படி இருப்பாங்க? நடக்கறாங்களா? கண்ணு தெரியுதா?

—எல்லாம் தெரியுது. நாக்கும் நல்லா நீளம். உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரிஞ்சுது.

—மதர்ஸ் டேக்கு அவங்க சர்ச்ல என்ன பூ குத்துவாங்க?

—எதுவும் குத்த மாட்டாங்களாம். அன்னைக்கு மட்டும் சர்ச்சுக்கே போக மாட்டாங்களாம். மத்தவங்க பிள்ளைங்களைப் பார்க்க முடியாதுன்னு.

—அவங்கம்மா?

—என் பாட்டியா? அவங்க போய் எத்தனையோ காலமாச்சு.

—அப்ப வெள்ளை! அம்மா, வெள்ளை அவங்களுக்கு! இந்தப் பூ அவங்களுக்குத்தான்! கிளம்புங்க, சர்ச் அடுத்த வாரமும் இருக்கும். மிஸ்டர் ஆல்ஃபியஸ், உங்க மீன் பிடிக்கப் போற ஐஸ் பெட்டியைக் கொண்டு வாங்க! பூவை ஈரத்துணியில வெச்சு, ஐஸ் மேல படாம வெச்சு எடுத்துட்டுப் போகலாம். பன்றித் தொடையையும் கட்டிக்கலாம். நான் ஓட்டறேன், வேகமா ஓட்டறேன், பூ வாடறதுக்குள்ள மெம்ஃபிஸ் போய்ச் சேர்ந்துடலாம்!

—மெம்ஃபிஸுக்கு எதுக்குடி? கார்ல உக்காந்திருக்காங்க. உனக்கு அவங்களைப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு பயந்துக்கிட்டு இறங்காம இருக்காங்க. போ, பூவை வெட்டி எடுத்துட்டுப் போய் நீயே குத்தி விடு.